துப்பாக்கி இல்லாத படைத்தலைவர்

குழந்தைகளே! பொது அறிவுப் புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் ஒரு மார்க் கேள்வி ஒன்று உண்டு. எல்லை காந்தி என்று அழைக்கப்பட்டவர் யார்? நான் ஆசிரியராக இருந்த காலத்தில் எத்தனையோ தடவை இந்தக் கேள்வியை வினாத்தாளில் எழுதியிருக்கிறேன். கடைசி பெஞ்சு மாணவர்கள்கூட கான் அப்துல் கபார் கான் என்று எழுதி ஒரு மார்க்கைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் அது எந்த எல்லை, அந்த எல்லையில் அவர் அப்படி என்னதான் செய்தார் என்று ஒருவர்கூட என்னைக் கேட்டதில்லை. நானும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தப் பாக்கியை இன்று உங்களிடம் தீர்த்துக் கொள்கிறேன்.

முதலில் உங்கள் அட்லஸை எடுத்துக் கொள்ளுங்கள். பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில் பெஷாவர் என்று ஒரு நகரம் இருக்கிறதா? அதற்கு மேற்கே கைபர் கணவாய். அதையும் தாண்டினால் ஆப்கானிஸ்தான். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் பாகிஸ்தான் என்று தனி நாடு கிடையாது. கைபர் கணவாய் வரை இந்தியாதான். அதனால் பெஷாவரைச் சுற்றியிருந்த பகுதிக்கு வடமேற்கு எல்லைப்புற மாகாணம் என்று பெயர். அந்தப் பெயர் 2010-ஆம் ஆண்டு வரை பாகிஸ்தானிலும் நீடித்தது. இப்போது அதன் பெயர் கைபர் பக்துன்குவா. எல்லை காந்தி என்பதில் வரும் எல்லை இதுதான்.

அங்கே வாழ்பவர்கள் பட்டாணியர்கள். பஷ்தூன்கள் என்றும் சொல்வார்கள். அவர்களது தாய்மொழி பஷ்தோ. நல்ல உயரம், வாட்டசாட்டமான உடம்பு. விருந்தாளி என்று யார் வாசலில் வந்து நின்றாலும், தான் பட்டினி கிடந்தாவது அவருக்குச் சோறு போடுவார்கள். அடைக்கலம் கேட்டு வந்தவன் எதிரியாகவே இருந்தாலும் காப்பாற்றுவார்கள்.

இவ்வளவு நல்லவர்களிடம் ஒரு பொல்லாத வழக்கமும் இருந்தது. அதன் பெயர் 'பதல்'. பழிக்குப் பழி! நம் ஊரில் வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் போல நூறு மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள். தாத்தா காலத்தில் ஒரு கொலை நடந்திருக்கும். பேரன் வளர்ந்து ஆளானதும் எதிராளியின் பேரனைத் தேடிப் போவான். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும். சாப்பிடப் பணம் இல்லாவிட்டாலும் தோட்டா வாங்கப் பணம் இருக்கும். இவர்கள் இப்படி ஒருவரை ஒருவர் சுட்டுக் கொண்டிருந்தது வெள்ளைக்கார அரசுக்கு வசதியாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்ட மண்ணில், பெஷாவருக்குப் பக்கத்தில் உள்ள உத்மான்ஜாய் என்ற கிராமத்தில், 1890-இல் பிறந்தவர் அப்துல் கபார். அப்பா பெஹ்ராம் கான் ஊரிலேயே பெரிய நிலக்காரர். ஆனாலும் அவருக்கு யாரோடும் பகை கிடையாது. தனக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னித்துவிட்டவர். அந்த ஊரில் இது அதிசயம். மகனுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் அங்கே பள்ளிக்கூடங்கள் மிகவும் குறைவு. வெள்ளைக்காரர்களின் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவது பாவம் என்று முல்லாக்கள் சிலர் சொல்லி வந்தார்கள். பெஹ்ராம் கான் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனாலும் ஊரார் பேச்சுக்குக் காது கொடுக்காமல் தன் இரண்டு மகன்களையும் பெஷாவரில் இருந்த எட்வர்ட்ஸ் மிஷன் பள்ளியில் சேர்த்தார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் விக்ரம் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். (நம் ஊர் விக்ரம் இல்லை, ஆங்கிலப் பெயர்தான்!) தன் சொந்தப் பணத்திலிருந்து ஏழை மாணவர்களுக்கு உதவி செய்பவர். எங்கிருந்தோ கடல் கடந்து வந்த ஒருவர் நம் பிள்ளைகளுக்காக இவ்வளவு பாடுபடுகிறாரே, நாம் நம் மக்களுக்கு என்ன செய்தோம் என்ற எண்ணம் அந்தப் பையனின் மனத்தில் விழுந்துவிட்டது. ஆசிரியர் வேலை பார்த்தவன் என்பதால் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும். மன்னித்துக் கொள்ளுங்கள்.

ஆறடிக்கும் மேலே வளர்ந்த அந்த இளைஞருக்கு ராணுவத்தில் 'கைட்ஸ்' என்ற புகழ்பெற்ற படைப்பிரிவில் அதிகாரி வேலை தேடி வந்தது. பட்டாணியர்களுக்கு அது பெரிய கௌரவம். அவரும் சேரத் தயாராகிவிட்டார். ஒருநாள் அதே படையில் அதிகாரியாக இருந்த தன் நண்பரைப் பார்க்கப் போனார். அந்த நண்பர் நாகரிகமாகத் தலைமுடியை வகிடு எடுத்துச் சீவியிருந்தார். அந்த வழியாக வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், நீயும் வெள்ளைக்காரனாக ஆசைப்படுகிறாயா என்கிற மாதிரி அவரைக் கேவலமாகப் பேசிவிட்டார். நண்பர் பதில் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அப்துல் கபாருக்கு முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு பெரிய வேலையில் இருந்தும் மானத்தைக் காப்பாற்றிக் கொள்ள முடியவில்லையே! அந்த வேலையே வேண்டாம் என்று உதறிவிட்டார்.

அண்ணன் டாக்டருக்குப் படிக்க இங்கிலாந்து போயிருந்தார். தம்பியையும் அனுப்ப அப்பா ஏற்பாடு செய்தார். ஆனால் அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. ஒரு மகனைக் கடலுக்கு அப்பால் அனுப்பியது போதும், இவனையும் அனுப்பினால் திரும்பி வரமாட்டான் என்று அழுதார். அம்மாவின் கண்ணீரைப் பார்த்து அவர் பயணத்தைக் கைவிட்டார். ஊரிலேயே இருந்து என்ன செய்வது?

1910-இல், இருபது வயதில், சொந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அதுதான் அவர் செய்த முதல் போராட்டம். அடுத்த சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாக நடந்தார். படியுங்கள், சண்டையை விடுங்கள், சுத்தமாக இருங்கள் என்று போகும் இடமெல்லாம் சொன்னார். பெண் குழந்தைகளையும் படிக்க வைக்க வேண்டும் என்று சொன்னார். பட்டாணியர்கள் நடுவே அந்தக் காலத்தில் அது மிகத் துணிச்சலான பேச்சு. நாளடைவில் மக்கள் அவரை அன்போடு 'பாட்ஷா கான்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கான்களுக்கெல்லாம் ராஜா என்று பொருள். பச்சா கான் என்றும் சொல்வார்கள். இதற்கிடையே 1918-இல் உலகம் முழுவதும் பரவிய விஷக் காய்ச்சலில் அவருடைய மனைவி இறந்து போனார். இரண்டு சிறு பையன்கள் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள்.

1919-இல் ரௌலட் சட்டம் வந்தது நினைவிருக்கிறதா? ஜாலியன் வாலாபாக் பாடத்தில் படித்திருப்பீர்கள். விசாரணை இல்லாமலே யாரையும் சிறையில் போடலாம் என்ற அந்தச் சட்டத்தை எதிர்த்து பாட்ஷா கான் தன் ஊரில் கூட்டம் போட்டார். உடனே கைது! சிறையில் காலுக்கு விலங்கு மாட்டப் போனால் ஒரு சிக்கல். அவருடைய கால்கள் பெரியவை. அந்த அளவுக்கு அங்கே விலங்கே இல்லை. இருந்ததில் ஒன்றை எடுத்து அழுத்தி மாட்டினார்கள். கணுக்காலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது.

வெளியே வந்ததும் சும்மா இருந்தாரா? 1921-இல் உத்மான்ஜாயில் மறுபடியும் ஒரு தேசியப் பள்ளியைத் தொடங்கினார். மாகாணத்தின் பெரிய அதிகாரி அவருடைய அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மற்றவர்கள் எல்லாம் வீட்டில் சும்மா இருக்கும்போது உங்கள் மகன் மட்டும் ஏன் பள்ளிக்கூடம் நடத்திக் கொண்டு அலைகிறான், நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அப்பா வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னார். மகன் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். மற்றவர்கள் எல்லாம் தொழுகையை நிறுத்திவிட்டால் என்னையும் நிறுத்தச் சொல்வீர்களா என்று. ஒருபோதும் சொல்ல மாட்டேன் என்றார் அப்பா. பிள்ளைகளுக்குக் கல்வி கொடுப்பதும் தொழுகையைப் போலத்தான் என்றார் மகன். அப்பா அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ செய்வதுதான் சரி என்று சொல்லிவிட்டார்.

விளைவு? மூன்று ஆண்டுகள் கடுங்காவல் தண்டனை. பள்ளிக்கூடம் நடத்தியதற்காக! சிறையில் கல் திருகையில் மாவு அரைக்க வேண்டும். அவர் உள்ளே இருந்தபோதே அவருடைய அம்மா காலமானார். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கக்கூட முடியவில்லை. பிறகு ஒரு புனிதப் பயணத்தில் ஜெருசலேம் போயிருந்தபோது, அவருடைய இரண்டாவது மனைவியும் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு அவர் திருமணம் செய்து கொள்ளவே இல்லை.

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி.

1929-இல் பாட்ஷா கான் ஒரு படையைத் திரட்டினார். ஆமாம், படைதான்! அதற்குத் தளபதிகள் உண்டு, அணிவகுப்பு உண்டு, கொடி உண்டு, முரசும் பைக்குழல் வாத்தியமும்கூட உண்டு. ஒன்று மட்டும் கிடையாது. ஆயுதம்! படையின் பெயர் 'குதாய் கித்மத்கார்'. கடவுளின் தொண்டர்கள் என்று பொருள். கடவுளுக்கு நம் தொண்டு தேவையில்லை, அவர் படைத்த மனிதர்களுக்குச் செய்யும் தொண்டுதான் கடவுளுக்குச் செய்யும் தொண்டு என்பது அவர் கொடுத்த விளக்கம்.

சேருகிறவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். யாரையும் தாக்க மாட்டேன், பழி வாங்க மாட்டேன், என்னைக் கொடுமைப்படுத்துகிறவர்களை மன்னிப்பேன், எளிமையாக வாழ்வேன், ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரமாவது பொதுத்தொண்டு செய்வேன் என்றெல்லாம் அதில் வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாகப் பழி வாங்குவதையே ஆண்மை என்று நினைத்தவன், இனிமேல் பழி வாங்கமாட்டேன் என்று கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும்! ஒரு பட்டாணியன் சத்தியம் செய்துவிட்டால் உயிர் போனாலும் மீற மாட்டான். அந்தக் குணத்தைத்தான் பாட்ஷா கான் பிடித்துக் கொண்டார். அகிம்சையை அவர் ஏதோ வெளியூர்ச் சரக்காகச் சொல்லவில்லை. நபிகள் நாயகம் மெக்காவில் எத்தனையோ துன்பங்களைப் பொறுமையாகத் தாங்கிய வரலாற்றை எடுத்துச் சொல்லி, பொறுமைதான் மிகப் பெரிய ஆயுதம் என்று அவர்களுக்குப் புரிய வைத்தார்.

இந்தத் தொண்டர்களைச் செஞ்சட்டைக்காரர்கள் என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சட்டை ஏன் சிவப்பு ஆனது தெரியுமா? முதலில் எல்லோரும் வெள்ளை உடைதான் போட்டார்கள். வயலிலும் தெருப்புழுதியிலும் வேலை செய்தால் வெள்ளை எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஒருவர் தன் உடையை எடுத்துக் கொண்டு பக்கத்தில் இருந்த தோல் பதனிடும் இடத்துக்குப் போய், தோலுக்குப் போடும் சாயத்தில் முக்கி எடுத்துவிட்டார். செங்கல் நிறத்தில் வந்தது. அழுக்கும் தெரியவில்லை. அடுத்தடுத்து எல்லோரும் அப்படியே செய்தார்கள். அவ்வளவுதான் கதை! வெள்ளைக்கார அரசோ சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் ரஷ்யாவின் கையாட்கள் என்று கிளப்பிவிட்டது.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். காந்தியடிகள் தண்டியில் உப்பு எடுத்துவிட்டார். தெற்கே நம் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் இன்னும் வேதாரண்யத்தை அடையவில்லை. அதற்குள் ஏப்ரல் 23 அன்று வடகோடியில் பெரிய பயங்கரம் நடந்துவிட்டது.

அன்றுதான் பாட்ஷா கான் கைது செய்யப்பட்டார். பெஷாவர் நகரத்தில் மற்றத் தலைவர்களையும் பிடித்தார்கள். அந்த நகரில் கிஸ்ஸா குவானி பஜார் என்று ஒரு கடைத்தெரு உண்டு. கதை சொல்லிகளின் கடைத்தெரு என்று பொருள். ஒட்டகங்களில் சரக்கு ஏற்றி வரும் வியாபாரிகள் முன்காலத்தில் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக் கொண்டு கதை கேட்பார்களாம். அழகான பெயர், இல்லையா? அன்று அந்தத் தெருவில் தலைவர்களைக் கைது செய்ததை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். ராணுவத்தின் கவச வண்டிகள் வேகமாகக் கூட்டத்துக்குள் புகுந்தன. சிலர் சக்கரத்தில் சிக்கி இறந்தார்கள். கலவரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவரும் கொல்லப்பட்டார். ஒரு கவச வண்டி தீப்பற்றி எரிந்தது. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சுடச் சொல்லி உத்தரவு வந்தது.

மக்கள் இறந்தவர்களையும் காயம்பட்டவர்களையும் தூக்கிச் செல்ல அனுமதி கேட்டார்கள். படை திரும்பிப் போனால் நாங்களும் கலைகிறோம் என்றார்கள். படை போகவில்லை. மறுபடியும் சுட்டார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் விழ விழ, பின்னால் இருந்தவர்கள் முன்னே வந்து நின்றார்கள். ஓடவும் இல்லை, திருப்பி அடிக்கவும் இல்லை. வீட்டில் துப்பாக்கி வைத்திருந்த மனிதர்கள் இவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அரசு சொன்ன கணக்குப்படி இறந்தவர்கள் சுமார் 30 பேர். காங்கிரசார் விசாரித்துச் சொன்ன கணக்கு அதைப் போலப் பல மடங்கு.

அங்கே இன்னொரு அதிசயமும் நடந்தது. கார்வால் படைப்பிரிவைச் சேர்ந்த இந்தியச் சிப்பாய்களைச் சுடச் சொன்னபோது, அவர்கள் துப்பாக்கியைத் தாழ்த்திக் கொண்டார்கள். ஆயுதம் இல்லாத மக்களைச் சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அவர்களுடைய தலைவர் சந்திர சிங் கார்வாலி. அந்தச் சிப்பாய்கள் மலைநாட்டு இந்துக்கள். எதிரே நின்றவர்கள் பட்டாணிய முஸ்லிம்கள். ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 11 ஆண்டுகள் கழித்து, 1941-இல்தான் விடுதலையானார். இவருடைய பெயர் ஒரு மார்க் கேள்வியில்கூட வருவதில்லை. நீங்களாவது நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

துப்பாக்கிச் சூட்டினால் படை கலைந்துவிடும் என்று அரசு நினைத்தது. நடந்தது தலைகீழ். அதற்கு முன்பு நூற்றுக்கணக்கில் இருந்த தொண்டர்கள், பிறகு பல்லாயிரக்கணக்கில் பெருகினார்கள். கிராமங்களில் புகுந்து அடித்தார்கள், செஞ்சட்டையைக் கழற்றச் சொல்லி அவமானப்படுத்தினார்கள், குளிர்காலத்தில் ஓடைத் தண்ணீரில் தள்ளினார்கள். தொண்டர்கள் உறுதிமொழியை மீறவில்லை. துப்பாக்கி தூக்கிய பட்டாணியனைச் சமாளிக்க வெள்ளைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து நிற்கும் பட்டாணியனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை! 1932-இல் அந்த மாகாணத்துக்கு மற்ற மாகாணங்களைப் போலவே கவர்னரும் சட்டசபையும் வந்தன. அதுவரை மற்றவர்களுக்குக் கொடுத்த சீர்திருத்தத்தை இவர்களுக்குக் கொடுக்க அரசுக்கு மனம் வரவில்லை.

பாட்ஷா கானோ சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். 1934-இல் விடுதலை செய்தபோது, சொந்த மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று தடை போட்டார்கள். அவர் வார்தாவுக்குப் போய் காந்தியடிகளோடு தங்கினார். ஒல்லியான காந்தியடிகளும், மலைபோல் உயர்ந்த பாட்ஷா கானும் சேர்ந்து நடக்கும் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தாலே சிரிப்பு வரும். காங்கிரஸ் தலைவர் பதவியை ஏற்கும்படி அவரைக் கேட்டார்கள். நான் ஒரு சாதாரணத் தொண்டன், எனக்கு அது வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

1938-இல் காந்தியடிகள் எல்லைப்புற மாகாணத்துக்குப் போனார். உத்மான்ஜாயில் பாட்ஷா கானின் வீட்டில்தான் தங்கினார். கொள்ளைக்காரர்கள் நடமாட்டம் உள்ள பகுதி என்பதால், இரவில் மொட்டை மாடியில் துப்பாக்கியோடு காவலர்களை நிறுத்தியிருந்தார் பாட்ஷா கான். இதைக் கவனித்த காந்தியடிகளுக்கு உறுத்தியது. அகிம்சைப் படையின் தலைவர் வீட்டில் துப்பாக்கிக் காவலா? அதைப் பற்றி நண்பர்கள் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். துப்பாக்கிகள் அகற்றப்பட்டன. இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடிக்கும். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விருந்தாளியின் உயிர் என்று வந்தபோது அவருக்கும் பயம் வந்திருக்கிறது, பாருங்கள்!

அதற்குப் பிறகு அவர் இன்னும் உறுதியானார். 1940-இல் உலகப் போர் நடந்து கொண்டிருந்தபோது, இந்தியாவுக்குச் சுதந்திரம் தருவதாக இருந்தால் போரில் உதவலாம் என்று காங்கிரஸ் தலைவர்கள் பலர் முடிவு செய்தார்கள். போர் என்றால் கொலைதானே, அதற்கு நான் உடன்பட முடியாது என்று சொல்லி, பாட்ஷா கான் காரியக் கமிட்டியிலிருந்து விலகிவிட்டார். அகிம்சை மற்றவர்களுக்கு ஒரு வழிமுறை. அவருக்கு அது கொடுத்த வாக்கு. 1942 போராட்டத்தின்போது போலீசார் அடித்த அடியில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன.

1947 பிறந்தது. நாடு சுதந்திரத்தை நோக்கி நடந்தது. ஆனால் இந்து, முஸ்லிம் கலவரங்களும் கூடவே நடந்தன. பீகாரில் முஸ்லிம்கள் தாக்கப்பட்ட கிராமங்களில் காந்தியடிகளோடு பாட்ஷா கானும் ஆறுதல் சொல்லிக் கொண்டு போனார். பிரிவினை வேண்டாம் என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். ஆனால் காங்கிரஸ் பிரிவினையை ஏற்றுக் கொண்டது. எல்லைப்புற மாகாணத்தில் இந்தியாவா, பாகிஸ்தானா என்று வாக்கெடுப்பு நடத்தவும் சம்மதித்தது. பட்டாணியர்களுக்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்று பாட்ஷா கான் கேட்டதை யாரும் கணக்கில் எடுத்துக் கொள்ளவில்லை. அவரும் தொண்டர்களும் வாக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். மாகாணம் பாகிஸ்தானோடு சேர்ந்தது.

இந்த இடத்தை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. இருபது வருடம் தோளோடு தோள் நின்றவரைக் காங்கிரஸ் தலைவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவர்களுக்கும் வேறு வழி தெரியவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. நீங்கள் பெரியவர்களானதும் நிறையப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பாகிஸ்தானை எதிர்த்தவர் இனி என்ன செய்வார்? அவர் நேராகப் பாகிஸ்தான் சட்டசபைக்குப் போய், இனி இதுதான் என் நாடு என்று விசுவாசப் பிரமாணம் எடுத்துக் கொண்டார். ஆனால் புதிய அரசு அவரை நம்பவில்லை. 1948-இல் கைது செய்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 12 அன்று, பாப்ரா என்ற இடத்தில் கூடிய செஞ்சட்டைத் தொண்டர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் இறந்தார்கள். சுட்டது வெள்ளைக்காரர்கள் அல்ல. சுதந்திர நாட்டின் அரசு. குதாய் கித்மத்கார் இயக்கமும் தடை செய்யப்பட்டது. வெள்ளைக்கார ஆட்சியிலும் பாகிஸ்தான் ஆட்சியிலும் சேர்த்து, அவர் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலும் வீட்டுக் காவலிலும் கழித்தார். உங்களுக்கு ஒன்பது வயது என்றால், அதில் மூன்று வருடம் பூட்டிய அறைக்குள் என்று எண்ணிப் பாருங்கள். 1962-இல் அம்னஸ்டி என்ற உலக மனித உரிமை அமைப்பு அவரை அந்த ஆண்டின் கைதியாக அறிவித்தது. இப்படியும் ஒரு கௌரவம்!

1964-இல் உடல்நிலை மோசமானதால் விடுதலை செய்து, சிகிச்சைக்காக இங்கிலாந்து போக அனுமதித்தார்கள். பிறகு ஆப்கானிஸ்தானில் பல ஆண்டுகள் தங்கினார். 1969-இல் காந்தி நூற்றாண்டு விழாவுக்கு இந்தியா வந்தார். அப்போது அவருக்கு 79 வயது. விமான நிலையத்தில் பிரதமர் இந்திரா காந்தியே வந்து வரவேற்றார். அவரிடம் பெட்டி, படுக்கை எதுவும் இல்லை. கையில் ஒரே ஒரு துணி மூட்டை. அதை வாங்கிக் கொள்ள இந்திரா காந்தி கை நீட்டினார். பாட்ஷா கான் கொடுக்கவில்லை. தன் மூட்டையைத் தானே தூக்கிக் கொண்டு நடந்தார்.

அவர் வந்த நேரத்தில் குஜராத்தில் மதக் கலவரம் நடந்திருந்தது. காந்தி பிறந்த மாநிலத்தில், காந்தியின் நூற்றாண்டில்! விழாவுக்கு வந்தவர் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். மாலை மரியாதையோடு அழைத்தவர்களிடம், காந்தியை நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று நேருக்கு நேராகச் சொன்னார். பலருக்குச் சங்கடமாக இருந்தது. அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

1987-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது கொடுத்தது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. அதற்கு அடுத்து 1988-இல் அந்த விருது யாருக்குக் கிடைத்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடனே சொல்வார்கள். நம் எம்.ஜி.ஆருக்குத்தான்!

1988 ஜனவரி 20 அன்று பெஷாவரில் பாட்ஷா கான் காலமானார். இந்தியாவிலிருந்து பிரதமர் ராஜீவ் காந்தி அங்கே போய் அஞ்சலி செலுத்தினார். தன்னை ஆப்கானிஸ்தானில் உள்ள ஜலாலாபாத் நகரில், தான் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது பாட்ஷா கானின் ஆசை. அப்போது ஆப்கானிஸ்தானில் கடுமையான போர் நடந்து கொண்டிருந்தது. அவருடைய இறுதி ஊர்வலத்துக்காகப் போர் நிறுத்தம் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் கார்களிலும் பஸ்களிலும் லாரிகளிலும் கைபர் கணவாயைக் கடந்து அவரோடு போனார்கள். ஆனாலும் அடக்கம் நடந்த இடத்துக்கு அருகே யாரோ வைத்த குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று பெஷாவர் விமான நிலையத்துக்கு அவர் பெயர்தான். 2012-இல் சார்சத்தா நகரில் அவர் பெயரில் ஒரு பல்கலைக்கழகமும் தொடங்கினார்கள். 2016-இல் அவருடைய நினைவு நாளன்றே பயங்கரவாதிகள் அதற்குள் புகுந்து சுட்டதில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள். பல்கலைக்கழகத்தைச் சில வாரங்களில் மறுபடியும் திறந்துவிட்டார்கள். மாணவர்கள் பைகளைத் தூக்கிக் கொண்டு வகுப்புக்குத் திரும்பினார்கள். உத்மான்ஜாய் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். பாட்ஷா கான் 1910-இல் தன் முதல் பள்ளிக்கூடத்தை ஆரம்பித்த ஊர்.

அட்லஸை இன்னும் மூடிவிடவில்லையே? பெஷாவரிலிருந்து விரலை மேற்கே நகர்த்துங்கள். கைபர் கணவாயைத் தாண்டியதும் ஜலாலாபாத் வரும்.